இடம் இருந்தால் ஏறலாம்

விமான நிறுவன ஊழியர் ஒருவரின் கெஸ்ட் பாஸில் பயணம் செய்பவர் செருப்புப் போடக் கூடாது. ஷூ, முழுக்கால் சட்டை, காலர் வைத்த மேல்சட்டை. வேட்டி, சாரத்தைப் பற்றி விதிமுறையில் ஒன்றுமில்லை. அப்படியும் ஒருவர் வரக்கூடும் என்று அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்தியே ஓய்வு பெற்ற எனக்கு ஷூ தேவைப்பட்டதில்லை. நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடையில் அவசரமாக வாங்கினேன். சற்றுச் சிறியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பாஸ் கொடுத்தவள் ஷர்மி, என் மனைவியின் தம்பி மகள். விமான நிறுவனத்தில் டிக்கெட் பிரிவில் வேலை. அங்கே ஊழியர்களுக்கு வருடத்துக்குச் சில பாஸ்கள் உண்டு; வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம். விமானம் புறப்படும் நேரத்தில் இருக்கை காலியாக இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அடுத்த விமானம். ஸ்டாண்ட்பை என்று அதற்குப் பெயர்.

“மாமா, கோவம் வந்தாலும் அங்க யார்ட்டயும் சத்தம் போட்டுராதீங்க. புகார்ல ஒங்க பேர எழுத மாட்டாங்க, எம்பேரத்தான் எழுதுவாங்க,” என்றாள் தொலைபேசியில். “ஒரு கைப்பை மட்டும் கொண்டு போங்க. பெட்டி கிட்டின்னு ஒண்ணும் வேண்டாம்.”

“நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?” என்றேன்.

போனது ஷார்ஜாவுக்கு. என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர் ததேயு அங்கே மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தார். கரையில் வலை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று அறை நண்பர்கள் சொன்னார்கள். தங்கையிடம் பாஸ்போர்ட் கிடையாது. மகள் பத்தாம் வகுப்பு. குடும்பத்தில் பாஸ்போர்ட்டும் பாஸுக்கு வழியும் உள்ள ஒரே ஆள் நான்.

“கிறிஸ்துமஸுக்கு வாறேன்னு சொல்லியிருந்தாவ,” என்றாள் ஸ்டெல்லா. “கையோட கூட்டிட்டு வந்திரு அண்ணே.”

போகும் விமானத்தில் பாதி இருக்கைகள் காலி. டிசம்பரில் வளைகுடாவுக்குப் போகிறவர் யார்? எல்லோரும் இங்கே வருகிற மாதம். திருவனந்தபுரத்தில் கவுண்டரில் இருந்த பெண் என் ஷூவைப் பார்த்தாள், சிரித்தாள், முன்வரிசை ஒன்றில் உட்கார வைத்தாள். கண்ணாடிக் குவளையில் ஆரஞ்சுச் சாறு வந்தது. கோழியா, பனீரா என்று குனிந்து கேட்டார்கள். ஸ்டாண்ட்பை என்றால் இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஒரே சாட்சியை வைத்துச் செய்தி எழுதக் கூடாது என்று இளம் நிருபர்களிடம் ஓயாமல் சொன்னவன் நான்.

மறுநாள் காலை மருத்துவமனை. ததேயு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடலில் கறுத்த முகம், வெள்ளை விரிப்பில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. நான் வார்டுக்குள் வருவதைப் பார்த்ததும் அவர் முதலில் பார்த்தது என் காலை.

“ஷூவா? கலெக்டரு மாதிரி இருக்கீரு மச்சான்.”

“பிளைட்டுக்காரன் போடச் சொல்லிட்டான்.”

“நாங்க இத்தன வருசமா ரப்பர் வள்ளிச் செருப்பப் போட்டுட்டுத்தான் போறோம் வாறோம். ஒருத்தனும் கேக்கல்ல.” பிறகு, என்னுடன் வந்திருந்த அவருடைய அறை நண்பன் மிக்கேலைப் பார்த்து, “லேய், பெட்டி கெட்டியாச்சா?” என்றார்.

“நீரு எந்திரிச்சு வாரும். கெட்டலாம்,” என்றான் மிக்கேல்.

டாக்டர் மலையாளி. இரண்டு நாளில் சாதாரண வார்டுக்கு மாற்றலாம், ஒரு வாரத்தில் பயணம் செய்யலாம் என்றார். தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே பிள்ளையிடம் நட்சத்திரம் கட்டச் சொன்னாள். கடற்கரையில் ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் அந்த மாதம் காகித நட்சத்திரம் தொங்கும். அவள் வீட்டில் இன்னும் கட்டவில்லை.

நான் தங்கியது அவர்கள் அறையில். அடுக்குக் கட்டில்கள், எட்டுப் பேர், எல்லோரும் நம் கடற்கரைக்காரர்கள். மிக்கேல்தான் சமையல். தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு அப்படியே நம் வீட்டுக் குழம்பு. மரச்சீனிக் கிழங்கு மட்டும் உறைந்து கல்லாகப் பையில் வருகிறது. வேக வைத்தால் நீர்த்துப் போகிறது. “கிழங்கா இது? சோப்பு,” என்று ஒருவர் தினமும் சொன்னார், தினமும் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் விடியலில் ததேயுவுக்கு நெஞ்சுவலி மறுபடி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

ஸ்டெல்லாவிடம் நான்தான் சொன்னேன். மறுமுனையில் சத்தம் எழுந்து, யாரோ போனை வாங்கி, பிறகு திரும்ப அவளிடமே கொடுத்தார்கள். அவள் குரல் தெளிவாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவியள ஒத்தைக்கி அனுப்பிராத அண்ணே. போம்போதும் ஒத்தைக்கித்தான் போனாவ. வரும்போ ஒரு ஆளு கூட வரணும்.”

“நான் கூட வாறேன்,” என்றேன்.

உயிரோடு திரும்புகிறவரை விட, இறந்து திரும்புகிறவருக்குக் காகிதம் அதிகம் வேண்டும். ஊர்க்காரர்களில் விவரம் தெரிந்த ஒருவர் எங்களோடு அலுவலகம் அலுவலகமாக வந்தார். எங்கேயும் யாரும் கடுமையாகப் பேசவில்லை. நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நாளைக்கு வரச் சொன்னார்கள். கடைசியாக விமானச் சரக்கு அலுவலகம். அங்கிருந்த எழுத்தர் கணினியைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார்: “உடலுக்கு இடம் உறுதியாகிவிட்டது. கூடப் போகிறவர் யார்?”

நான் பாஸைக் காட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஸ்டாண்ட்பை அல்லவா? இந்த வாரமா?” என்றார். விலைக்கு டிக்கெட் விசாரித்தோம். கிறிஸ்துமஸ் வரை எந்த விமானத்திலும் இல்லை. மனிதர்கள் போகிற மேல்தளம் நிறைந்துவிட்டது. சரக்குத் தளத்தில் மட்டும் இடம் இருந்தது.

புறப்படும் நாளன்று மதியம் அறைக்கு வந்தபோது நடுவில் அட்டைப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. ததேயு ஊருக்குக் கொண்டுபோக இரண்டு வருடமாகச் சேர்த்தவை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தன. பால்பவுடர் டப்பாக்கள், சோப்பு, கோடாலித் தைலம், புலி படம் போட்ட கம்பளி, மகளுக்கு ஒரு பள்ளிப் பை, பல நிறத்தில் மின்னும் பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒன்று. வளைகுடாவில் ஒருவன் ஊருக்குப் புறப்பட்டால் அறையே கூடிப் பெட்டி கட்டும். ஒருவர் மேலே ஏறி மிதிக்க, இருவர் நீலக் கயிறு இழுக்க, எழுத்து நன்றாக உள்ளவர் நான்கு பக்கமும் பெயரும் ஊரும் எழுதுவார். அன்றும் அதே வேலைதான் நடந்தது. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“மிக்கேல், எனக்குப் பெட்டி கூடாது,” என்றேன். “கைப்பைதான். பாஸு அப்படி.”

“இது ஒமக்க பெட்டியில்ல சார். ததேயுக்க பெட்டி.” அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஆளு ஒரு பிளைட்டுலயும் பெட்டி ஒரு பிளைட்டுலயும் போவப்பிடாது. எங்கள்ல அப்படிப் பழக்கமில்ல.”

“சரக்கில் தனியாகப் போடலாமே?”

“அது சவத்துக்க கூட ஏத்தமாட்டாம். கேட்டாச்சு.”

அப்போது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, மகளுக்கு என்று ஒரு சின்னப் பொட்டலத்தைப் பெட்டியின் ஓரத்தில் செருகினார். பின்னால் இன்னொருவர். துக்க வீட்டுக்குப் போகிற பெட்டி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஊருக்குப் போகிற பெட்டி திறந்து கிடக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தேவையில்லாததை வெட்டுவதே என் தொழிலாக இருந்தது. அந்தப் பெட்டியில் ஒரு சோப்பைக்கூட என்னால் வெளியே எடுக்க முடியவில்லை. கயிறு இறுகியது. மிக்கேல் நான்கு பக்கமும் ததேயுவின் பெயரை எழுதினான்.

கவுண்டரில் பெட்டிக்கு ஸ்டாண்ட்பை என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். எனக்கு இடம் கிடைத்தால் அதுவும் ஏறும். உள்ளே, ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, பளபளப்பான ஷூ, மடியில் ஒரு துணிப்பை. ஊர் குழித்துறை, பெயர் செல்லத்துரை, ஷார்ஜாவில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

“சாருக்க பாஸு யாருக்க வழி?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“எனக்கு எனக்க வீட்டு மாடியில வாடகைக்கு இருந்த பிள்ளைக்க வழி. நல்ல பிள்ள. வாடக கொறச்சதுக்கு இப்பம் பலன் கிடைக்குது.” சிரித்தார். “இது மூணாவது தடவ. ஒரு தடவ ரெண்டு நாளு இங்கயே கிடந்தேன். வடசேரி பஸ்ஸுன்னா ஜன்னல் வழியா துண்டு போடலாம். இல்லன்னா படியில தொங்கிட்டாவது போயிரலாம். கண்டக்டரும் உள்ள போ, உள்ள போன்னு சொல்லுவான். இதுல தொங்க ஏலாதே.”

நான் சிரித்தேன். அந்த வாரத்தில் முதல் தடவை. பிறகு எதற்காகப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் காலை இறக்கி வைத்தார்.

“கீழயா இருக்காரு? இதே பிளைட்டுலயா?”

“ஆமாம்.”

“பெட்டி வல்லதும் போட்டிருக்கியளா?”

“ஒன்று. அவருடையது.”

அவர் உதட்டைப் பிதுக்கினார். “சாரே, ஸ்டாண்ட்பைக்கு வாறவன் சட்டைப் பையில பேனா கூட ஒண்ணுக்கு மேல வைக்கப்பிடாது.”

கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. அதன் வயிற்றுக் கதவு திறந்திருந்தது. சிறு வண்டி ஒன்று வந்தது. சாக்குத் துணி சுற்றிய நீளமான ஒரு பெட்டி கன்வேயர் பட்டை வழியாக மெதுவாக மேலே நகர்ந்து உள்ளே போனது. நான் எழுந்து நின்றேன். செல்லத்துரையும் எழுந்தார். அது கடைசி நிமிடம் வரை காத்திருக்கவில்லை. அதற்கு யாரும் இடம் தேடவில்லை.

மக்கள் ஏறத் தொடங்கினார்கள். கைக்குழந்தைகள், தலையணைகள், பெரிய பொம்மைகள், கிறிஸ்துமஸ் தொப்பி போட்ட ஒரு குடும்பம். ஒவ்வொருவரும் உள்ளே போகும்போது எனக்கான இருக்கை ஒன்று மறைவது போல எண்ணிக்கொண்டிருந்தேன். வரிசை தீர்ந்தது. மூன்று பேர் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். இருவர் ஓடி வந்தார்கள். ஒருவர் வரவில்லை.

மேசையில் இருந்த பெண் என் பெயரைச் சொன்னாள். எழுந்து போனேன். பட்டியலில் செல்லத்துரைக்கு முன்னால் நான் இருந்தேன்.

“ஒரு இருக்கை இருக்கிறது,” என்றாள் ஆங்கிலத்தில். திரையைப் பார்த்தாள். “உங்களுக்குப் பெட்டி இருக்கிறது.”

“ஆமாம்.”

“பெட்டி ஏற்றுவதை மூடிவிட்டார்கள். மன்னிக்கவும்.” திரும்பி அடுத்த பெயரை அழைத்தாள். செல்லத்துரை துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் பெயருக்கு எதிரே பெட்டி எதுவும் இல்லை. ஏறும் அட்டை அச்சாகி வந்தது.

“பெட்டி இங்கேயே கிடக்கட்டும்,” என்றேன். “நான் மட்டும் போகிறேன். என் தங்கையின் கணவர் கீழே இருக்கிறார்.”

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கருணை இல்லாமல் இல்லை. “இருக்கை கொடுத்தாகிவிட்டது சார்,” என்றாள். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற இன்னொரு ஊழியர் என் பாஸை எடுத்து, ஷர்மியின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். நான் நிறுத்திக்கொண்டேன்.

செல்லத்துரை வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தார். இடத்தைக் கொடுக்கிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். எதிர்பார்க்க எனக்கு நியாயம் இல்லை. அவரும் போக வேண்டியவர்தான். கதவு சாத்தப்பட்டது.

ததேயுவின் தம்பி அருள் ஊரில் வண்டி ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டேன்.

“எடம் கெடைக்கலயா?” என்றான். “டிக்கெட்டு எடுத்துட்டுத்தானே போனிய? டிக்கெட்டு இருந்தா எடம் இல்லாம எப்பிடி?”

ஸ்டாண்ட்பை என்றால் என்ன என்று விளக்கினேன். பத்திரிகையில் விளக்கக் குறிப்பு எழுதுவது போல, தெளிவாக.

“அதெல்லாம் செரி,” என்றான் அவன். “ஸ்டெல்லா மைனிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?”

மறுநாள் மீண்டும் அதே வாசல். அன்று வராதவர் என்று ஒருவரும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது அருள் வீடியோவில் அழைத்தான். நம் ஊர்க் கல்லறைத் தோட்டம். மணல், காற்றில் ஆடும் தென்னை, பங்குத்தந்தையின் வெள்ளை அங்கி. சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். எனக்கு இருபுறமும் குடும்பங்கள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தன. குழிக்குள் மண் போட ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் வெறுங்காலோடு. ஒருவர் மட்டும் ஷூ போட்டிருந்தார். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. குனிந்து மூன்று முறை மண் அள்ளிப் போட்டார், கையைத் தட்டிக்கொண்டு ஒதுங்கினார். படம் ஆடி நின்றுவிட்டது. நான் போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் அந்த இடம் மச்சான் முறையில் எனக்கு ஒதுக்கியது என்றெல்லாம் ஒன்றுமில்லை. யாரும் போடலாம். ஆனால் நான் அங்கே இல்லை.

மிக்கேலை வரச் சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் கோபப்படவில்லை. “அடுத்தாளு போவும்போ குடுத்துவிடலாம்,” என்றான். தோளில் தூக்கி வைத்தபோது ததேயுவின் பெயர் எழுதிய பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அப்படியே நடந்து போனான்.

பெட்டி இல்லாமலும் அடுத்த சில நாட்கள் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் கிறிஸ்துமஸ் அன்று கிடைத்தது. போக வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் இரண்டு இருக்கைகள் காலி, முன்னாலும் பின்னாலும் காலி. பணிப்பெண் பிளம் கேக் ஒரு துண்டு கொண்டு வந்தாள். கால் நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள், யாரும் இல்லை என்றாள்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் பஸ். கண்டக்டர், உள்ளே போகச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். குழித்துறைப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோது ஆற்றைப் பார்த்தேன். அந்த ஊரில் செல்லத்துரையின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்டு வைக்கவில்லை. பெயரும் ஊரும் வாங்காமல் செய்தி எடுக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இரண்டும் இருந்தன, வேறொன்றும் இல்லை.

நாகர்கோவிலில் மாறி, கொட்டாரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கடற்கரைத் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம். ஸ்டெல்லா வீட்டு முகப்பில் ஆணி மட்டும் இருந்தது. அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“வந்தியா?” என்றாள்.

வாசலிலேயே நின்றேன்.

“அவிய கூட ஒரு ஆளு வந்தாரு,” என்றாள். “ஏர்போர்ட்டுல சரக்கு வாசல்ல போயி நின்னு, நான் இவருகூட வந்த ஆளாக்கும்னு அருளுட்ட சொன்னாராம். ஊரு குழித்துறையாம். வண்டி அவருக்க ஊரு வழியாத்தான் வந்திச்சு. எறங்கல்ல. இங்க வரைக்கும் வந்து, மண்ணு போட்டு, கஞ்சி குடிச்சிட்டுத்தான் போனாரு. ஒறவும் இல்ல, ஊரும் இல்ல. அந்த ஆளுக்கு எடம் கெடச்சுது. ஒனக்குக் கெடைக்கல்லியா அண்ணே?”

எனக்கு விளக்கத் தெரியும். பாஸின் விதியைச் சொன்னேன். கடைசியில் இருந்த ஒரே இருக்கையைச் சொன்னேன். அந்த ஆளிடம் பெட்டி இல்லை, என்னிடம் இருந்தது என்றேன். மச்சான் ரெண்டு வருசமாச் சேர்த்து வைத்த பெட்டி, மிக்கேலும் மற்றவர்களும் கட்டியது, அதை விட்டுவிட்டு வர மனமில்லை, அதனால்தான் என்னை ஏற்றவில்லை என்றேன்.

ஸ்டெல்லா முழுவதையும் கேட்டாள். பிறகு எனக்குப் பின்னால், ஆட்டோ திரும்பிப் போன முற்றத்தைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

“அப்பம் பெட்டி எங்க அண்ணே?”

நான் ஷூவின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன்.